லேடிக்குப் போட்ட இலை

கோட்டையில் பிறந்த பெண்ணொருத்தி குந்தி உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சீவினாள், சீவிக்கொண்டே சிரித்தாள் என்றால் வேறு ஊரில் நம்பமாட்டார்கள். மலாக்காவில் காஜா பேராங் பக்கம் வந்து கேளுங்கள், நம்புவார்கள். நம்புவதோடு நிற்காமல், அவள் சீவிய கிழங்கில் பாதித் தோல் அப்படியே இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

பெயர் எல்ஸ்பெத். ஸ்காட்லாந்தில் அவள் அப்பா ஒரு பிரபு. நம் பக்கத்து ஜமீன்தார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், குளிர் மட்டும் கூடுதல். அதனால் பிறந்த நாள்முதல் அவள் லேடி எல்ஸ்பெத். அத்தனை பெரிய வீட்டில் சமையற்கட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாதாம். பாலம் கட்டும் இன்ஜினியர் ஒருவனை விரும்பி, வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டு மலாயாவுக்குக் கப்பலேறினாள். அப்பா கதவைச் சாத்தினார், சாத்தியது சாத்தியதுதான். சில வருஷத்தில் புருஷனும் மலேரியாவில் போய்ச் சேர்ந்தான். ஊருக்குத் திரும்பிப் போய்த் தலைகுனிந்து நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. காஜா பேராங் சாலையோரத்தில் ஒரு பலகை வீட்டைப் பிடித்து, தவ்க்கே என்று அழைக்கிற சீன முதலாளிகள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாள். பிரபு மகள் என்ற மிடுக்கு மட்டும் போகவில்லை. மழையில் நனைந்த குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தாலும் பல்லக்கில் போகிறவள் மாதிரிதான் நடப்பாள்.

அவளுக்குச் சமைத்துப் போட்டவள் கமலவேணி, செட்டி கம்பம் என்கிற சின்னக் கிராமத்துப் பெண். மலாக்காச் செட்டிகளைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: அவர்கள் கும்பிடுவது மாரியம்மனை, வைப்பது தமிழ்ப் பெயர், கட்டுவது சாரோங் கெபாயா, வீட்டில் பேசுவது மலாய். ஆகவே கமலவேணி பேசியதை நான்தான் தமிழில் சொல்கிறேன். வாய்த்துடுக்கு மட்டும் முழுக்க அவளுடையது.

ஜப்பான்காரன் வடக்கேயிருந்து இறங்கி வருகிறான் என்றதும் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு சிங்கப்பூருக்கு ஓடினார்கள். லேடியை ஏற்றிக்கொள்ளவும் ஒரு லாரி வந்தது. ஏறப்போன நேரத்தில், வயிற்றுப் பிள்ளையோடு ஒரு நர்ஸ் இடமில்லாமல் கீழே நிற்பதைப் பார்த்துவிட்டாள். "நான் அடுத்த வண்டியில வரேன்" என்று தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டாள். அடுத்த வண்டி எங்கே வந்தது? காய்ச்சல்தான் வந்தது. கண் திறக்காமல் கிடந்தவளைக் கமலவேணியும் அவள் புருஷன் கணேசமூர்த்தியும் பாயில் சுருட்டிக் கைவண்டியில் வைத்து, மேலே தென்னை ஓலையைப் பரப்பித் தங்கள் வீட்டுப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கணேசமூர்த்தி வாயில்லாப் பூச்சி. வழியெல்லாம் அவன் சொன்னது ஒன்றுதான்: "கால் வெளிய நீட்டுது, கமலா." அவள் அவ்வளவு உயரம்.

நகரத்தைப் பிடித்த கையோடு சிப்பாய்கள் வீடுவீடாக வந்தார்கள். அவர்களோடு வந்த உள்ளூர்ப் போலீஸ்காரன் கமலவேணியிடம் கேட்டான்: "ஒங்க வெள்ளைக்கார மெம் எங்கே?"

அவள் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "செத்துப்போச்சு. டைபாய்டு."

டைபாய்டு என்ற சொல் ஜப்பான்காரனுக்கும் புரிந்தது. இரண்டு எட்டுப் பின்னால் போனான். குண்டு விழுந்து ஊரே அலங்கோலமாகக் கிடந்த வாரம் அது. யாரை எங்கே புதைத்தார்கள் என்று யார் கணக்குக் கேட்டார்கள்? போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் கணேசமூர்த்தி மெதுவாகக் கேட்டான்: "ஊரை விட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லியிருக்கலாமே?" கமலவேணிக்கு அப்போதுதான் அது தோன்றியது. வாயால் கெட்டது தவளை என்பார்கள். அவள் தன் வாயில் தானே ஒன்று போட்டுக்கொண்டாள்.

லேடி பிழைத்துக்கொண்டாள். பிழைத்ததும் கேட்ட முதல் கேள்வி, "நான் என்ன வேலை செய்யட்டும்?" என்பது. அறையை விட்டு வெளியே தலைகாட்ட முடியாது; அந்த அறைக்கு அடுத்தது சமையற்கட்டு. பிறந்த வீட்டில் எட்டிப் பார்க்காத அடுப்படியில் இங்கே வந்து உட்கார்ந்தாள். மிளகாய்ச் சம்பால் அரைக்கக் கற்றுக்கொண்டு கண்ணைக் கசக்கி ஒரு பகல் முழுவதும் அழுதாள். தேங்காய் துருவினாள், விரலையும் சேர்த்து. சோறு காணாத காலம். காலையில் கிழங்கு, மதியம் கிழங்கு, மாற்றத்துக்குக் கேழ்வரகு. அதையும் ரசித்துச் சாப்பிட்டாளே, அதுதான் ஆச்சரியம்.

கேழ்வரகுக் கஞ்சி குடித்த முதல் நாள் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவள் ஊரில் ஓட்ஸ் கஞ்சி குடிப்பார்களாம், இதே பதம்தானாம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள், உடனே முகம் சுளித்தாள்.

"இனிப்பா இருக்கு!"

"மலாக்காவில கஞ்சின்னா குலா மலாக்கா போடாம பின்ன?" என்றாள் கமலவேணி. "இருந்த கடைசித் துண்டு வெல்லத்தை உங்களுக்குப் போட்டேன், பாருங்க, என்னைச் சொல்லணும்."

"கஞ்சிக்கு உப்புத்தான் போடணும், கமலா. சர்க்கரை போடறவன் இங்கிலீஷ்காரன்."

அன்றிலிருந்து லேடிக்கு உப்புக் கஞ்சி. கணேசமூர்த்தி கடல்தண்ணீரைத் தகரத்தில் கொண்டு வந்து காய்ச்சி உப்பெடுப்பான். அதில் முதல் கரண்டி லேடியுடையது. மத்தியானம் வேலை ஓய்ந்ததும் இரண்டு பெண்களும் செக்கிச் சீட்டு ஆடுவார்கள். பிரபு மகள் கூசாமல் அழுகுணி ஆட்டம் ஆடினாள். சீட்டைச் சாரோங் மடிப்பில் ஒளித்து வைப்பாள். கமலவேணி கையைப் பிடித்து இழுத்தால், "எங்கப்பா வீட்டில என்னை எதையும் தொடவிடலை, கமலா. திருடிப் பாக்கக்கூட விடலை" என்று சிரிப்பாள். ஒரு நாள் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "நான் இங்கே சந்தோஷமா இருக்கேன், தெரியுமா?" என்றாள். தனக்கும் அப்படித்தான் என்பது அப்போதுதான் கமலவேணிக்கு உறைத்தது. ஊரே பயந்து சாகிற காலத்தில் இது என்ன கூத்து என்று உள்ளுக்குள் வெட்கமாகவும் இருந்தது.

இப்படியே போயிருக்கலாம். பூங்காவனம் என்று ஒருத்தி பக்கத்து வீட்டில் இல்லாதிருந்தால் போயிருக்கும்.

பூங்காவனம் பலகாரம் சுட்டுப் பாசாரில், அதான் சந்தையில், விற்கிறவள். நல்ல மனுஷிதான், வாய்தான் ஓட்டை. அந்தி நேரத்தில் கிணற்றடியில் நெட்டையாக ஒரு வெள்ளை உருவம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வதைப் பார்த்துவிட்டாள். வெக்கை தாங்காமல் வெளியே வந்த லேடிதான், வேறு யார்? செத்துப்போனவள் என்றுதான் ஊருக்கே தெரியுமே. பூங்காவனம் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். மறுநாள் பாசார் முழுக்க ஒரே பேச்சு: கமலவேணி வீட்டில் வெள்ளைக்காரிப் பேய் உலாவுகிறது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

இரண்டு நாள் கழித்து நல்லையா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர். இந்த வயசில் ஜப்பான் மொழி படித்ததற்குக் கூலியாக அந்த வட்டாரத்துக்குத் தலைவராக்கி, மொழிபெயர்க்கவும் வைத்துவிட்டார்கள். கெட்டவர் இல்லை, ஆனால் பயந்தவர். பயந்த மனுஷன் எந்தப் பக்கம் சாய்வான் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது.

வாசலிலேயே நின்று சொன்னார்: "பேய்க் கதை ஜப்பான் அதிகாரி காதுக்குப் போயிருச்சு. அவர் என்ன சொல்றார் தெரியுமா? எங்க நாட்டிலயும் செத்தவங்களுக்குப் படைக்கிற வழக்கம் உண்டு, படைக்காத ஆவிதான் அலையும்ங்கிறார். ஒங்க சனம் போகிக்குப் பார்ச்சு படைக்குமே, அந்த வீட்டில அலையறவ ஆச்சே, அவளுக்கும் இலை விழணுமே, நானே வந்து பாக்கிறேன்னு சொல்லிட்டார்."

"இலை இல்லைன்னா?"

"ஆவி இல்லை, ஆள்தான் இருக்குன்னு நினைப்பார். வீட்டைக் கிளறுவார்." நல்லையா உள்ளே எட்டிப் பார்க்காமல் கவனமாகச் சாலையையே பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார்.

பார்ச்சு என்பது அந்தக் கம்பத்தில் பொங்கலுக்கு முந்தைய நாள் செய்கிற படையல். குடும்பத்தில் செத்துப்போன ஒவ்வொருவருக்கும் ஓர் இலை, இலையில் அவரவருக்குப் பிடித்த சாப்பாடு. லேடி விஷயத்தைக் கேட்டதும், "இவ்வளவுதானா? ஒரு இலைதானே, போட்டுரு" என்றாள்.

கமலவேணி அம்மிக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் ஒருவன் சுமாத்ராவுக்குப் போகிற படகில் வேலை பார்த்தான். புயலில் படகு கவிழ்ந்தது என்று சேதி வந்தது. அம்மா அழுது ஓய்ந்து அந்த வருஷப் பார்ச்சில் அவனுக்கும் இலை போட்டாள். உயிரோடிருக்கிறவருக்கு இலை போட்டால் நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் வரும். செத்தவருக்கு அந்த வீட்டில் திருப்பித்தான் போடுவார்கள், நுனி வலப்பக்கம். அம்மா அப்படித் திருப்பிப் போட்டாள். பொங்கல் கழிந்து அண்ணன் சிரித்துக்கொண்டே வந்து நின்றான், வேறு படகு காப்பாற்றியதாம். கம்பமே கொண்டாடியது. மழைக்காலம் வருவதற்குள் காய்ச்சலில் போய்விட்டான். 'என் கையால நானே அவனை அனுப்பிவெச்சேன்' என்று அம்மா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அது காய்ச்சல், கமலா. இலை இல்லை" என்றாள் லேடி, கதையைக் கேட்டுவிட்டு.

"உங்களுக்கு அப்படி. எனக்கு அப்படி இல்லை."

லேடி எழுந்து நின்றாள். பிறகு, "அப்ப நானே போய் நின்னுடறேன். முகாம்ல அடைப்பாங்க. உங்களை விட்டுருவாங்க" என்றாள்.

"விடுவாங்களா? பொய் சொன்னது நான். அதோட, அங்கே உங்களுக்கு யார் கஞ்சியில உப்புப் போடுவா?" என்று எரிந்து விழுந்தாள் கமலவேணி. அவளுக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வரும். இலை போடாவிட்டால் ஜப்பான்காரன் கொண்டுபோவான். போட்டால் எமன் கொண்டுபோவான். நடுவில் எங்கே நிற்பது? பார்ச்சு நாள் வருகிறவரை அவள் சீட்டைத் தொடவே இல்லை. லேடி தனியாக ஆடினாள், அதிலும் ஏமாற்றினாள்.

போகி வந்தது. வீட்டைக் கழுவி, நடுக்கூடத்தில் பாய் விரித்து இலைகளை வரிசையாகப் போட்டார்கள். அரிசி இல்லாத வருஷம். எங்கிருந்தோ கணேசமூர்த்தி ஒரு சிரட்டை அரிசி கொண்டுவந்திருந்தான். மாமனாருக்குப் பிடித்த புளிமீன், மாமியாருக்குச் சம்பால், அண்ணனுக்கு ஒரு சுருட்டு. படையலுக்குச் சமைத்ததை வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது, உப்புக் காரம் எல்லாம் கைக்கணக்கு. ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே வந்தவள், கடைசி இலையை எடுத்ததும் நின்றாள். திருப்ப வேண்டும் என்று தெரியும். கை திரும்பவில்லை. மூச்சை இழுத்துவிட்டு, விருந்துக்கு வந்தவருக்குப் போடுகிற மாதிரி நுனியை இடப்பக்கம் வைத்தே போட்டாள். மேலே ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கஞ்சி வைத்தாள். ஜப்பான்காரனுக்கு என்ன தெரியும் என்று அவள் நினைத்தாள். நல்லையாவை மறந்துபோனாள்.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. லேடி சமையற்கட்டுத் திரைக்குப் பின்னால், தண்ணீர்த் தாழிக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தாள். அந்த உயரத்தை எப்படி மடித்தாளோ.

அதிகாரி வாசலில் நின்று பூட்ஸைக் கழற்றினான். கமலவேணி அதை எதிர்பார்க்கவில்லை. சாம்பிராணிப் புகைக்குள் வந்து, இலை வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கடைசி இலையிடம் வந்து கஞ்சியைக் காட்டி ஏதோ கேட்டான்.

"இது யாருதுன்னு கேக்குறார்" என்றார் நல்லையா.

"லேடிக்கு. அவங்க ஊர்ச் சாப்பாடு."

நல்லையா அதைச் சொல்லிக்கொண்டே இலையைப் பார்த்தார். அவர் குரல் நடுவில் அறுந்தது. யாழ்ப்பாணத்திலும் இழவு வீட்டு இலை எப்படி விழும் என்பது அவருக்குத் தெரியும். மற்ற இலைகளைப் பார்த்தார், திரும்பவும் கடைசி இலையைப் பார்த்தார். அப்புறம் திரையைப் பார்த்தார். கமலவேணி அவரை நேராகப் பார்த்தாள். கெஞ்சத் தோன்றவில்லை, பார்க்க மட்டும்தான் முடிந்தது. கணேசமூர்த்தி சுவரோடு சுவராக நின்றான்.

அதிகாரி ஏதோ கேட்டான். இலையைக் கையால் காட்டினான், வரிசையைக் காட்டினான். வழக்கப்படி எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்று முகத்திலேயே தெரிந்தது.

நல்லையாவின் நெற்றியில் வேர்வை துளிர்த்து ஒரு சொட்டு மூக்குக்கு வந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. ஜப்பான் மொழியில் சுருக்கமாக ஒன்று சொல்லிவிட்டு, கமலவேணிக்கும் தெரியட்டும் என்பது போல அவள் பாஷையிலும் சொன்னார்: "எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அதிகாரி இலைகளுக்கு முன்னால் கைகளைத் தொடையில் வைத்துக் குனிந்தான். லேடியின் இலைக்கு முன்னால் ஒரு கணம் கூடுதலாக நின்றான். தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்துக் கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய்ப் பூட்ஸை மாட்டிக்கொண்டான். அவனுக்கும் எங்கேயோ யாரோ செத்திருப்பார்கள் போல. கமலவேணிக்கு அந்த நிமிஷம் அவன்மேல் இரக்கம்கூட வந்தது, பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள்.

பின்னால் போன நல்லையா செருப்பைத் தேடுகிற சாக்கில் ஒரு நொடி தாமதித்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்: "கஞ்சி ஆறிடப் போகுது. சீக்கிரம் குடுங்க."

அவர்கள் போனதும் கமலவேணி பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள். லேடி திரையை விலக்கிக்கொண்டு வந்து, தன் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டாள். சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டாள். ஒரு வாய் கஞ்சி குடித்தாள்.

"உப்பே இல்லை, கமலா."

"வாயில வெச்சுப் பாக்கக்கூடாது, அதான்" என்றாள் கமலவேணி. அப்போதுதான் அழுதாள், சிரிப்பும் சேர்ந்து வந்தது. கணேசமூர்த்தி உப்புத் தகரத்தை எடுக்க ஓடினான். அப்பாடா, அந்த மனுஷன் ஒரு வேலையாவது வேகமாகச் செய்தான்.

அடுத்தடுத்த வருஷப் பார்ச்சுக்கும் அந்த இலை விழுந்தது, அதே மாதிரி, நுனி இடப்பக்கம். லேடி ஒவ்வொரு தடவையும் தன் படையலைத் தானே சாப்பிட்டாள், குறையும் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. படையல் போட்டாயிற்று, இனிப் பேயைக் கண்டு பயமில்லை என்று பூங்காவனம் மட்டும் கிணற்றடிப் பக்கம் பலகாரம் வைத்துவிட்டுப் போவாள். லேடி அதையும் விடவில்லை.

ஜப்பான்காரன் தோற்றுப் போனதும் இங்கிலீஷ்காரன் கப்பலோடு வந்தான். இலவசமாக ஊருக்கு அனுப்புகிறோம் என்றான். லேடி நன்றி சொன்னாள். "எனக்கு இங்கே சீட்டாட்டம் பாதியில நிக்குது" என்று சொல்லி அனுப்பினாள். பழைய பலகை வீட்டுக்குக்கூடத் திரும்பவில்லை. பின்கட்டிலேயே இருந்தாள், பியானோ சொல்லிக்கொடுத்தாள், காஜா பேராங்கில் எல்லாருக்கும் தெரிந்த, எல்லாரோடும் சண்டை போட்ட ஒரு நெட்டைக் கிழவியாக வயசானாள். வருஷங்கள் கழித்து ஒரு மழை நாளில், செக்கியில் நேர்மையாக ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டு, படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அந்த வருஷப் பார்ச்சுக்கும் நல்லையா வந்திருந்தார். போருக்குப் பிறகு ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. தலை முழுக்க நரைத்துவிட்டது. கமலவேணி இலைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசி இலையையும் போட்டாள். நுனி இடப்பக்கம் வந்தது.

கணேசமூர்த்தி தொண்டையைச் செருமினான். "கமலா. இந்த வருஷம் திருப்பணும்."

அவளுக்குத் தெரியாதா? இலையைப் பார்த்தாள். கை மடியிலேயே இருந்தது. நிமிர்ந்து நல்லையாவைப் பார்த்தாள், அன்றைக்குப் பார்த்த மாதிரியே.

நல்லையா இலையைப் பார்த்தார், மற்ற இலைகளையும் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

கமலவேணி கஞ்சிப் பானையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, கூடாது என்று தெரிந்தே, வாயில் வைத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டுக் கலக்கி, கிண்ணத்தில் ஊற்றி இலையில் வைத்தாள்.